நிறுத்தினால் முடிந்துவிட்டதா?

மார்ச் 3, திங்கள்

என் வீட்டுக்காரிக்கு,

இதை எழுதுவது நான்தான். கீழ்வீட்டுத் தையல்காரர் இல்லை, மருந்துக்கடைக்காரர் இல்லை. நானே, என் கையால், பென்சிலால். நம்பாவிட்டால் தாளைத் திருப்பித் தடவிப் பார். பொத்தல் பொத்தலாக இருக்கும். அழுத்தாமல் எழுதுங்கள் என்று டீச்சரம்மா சொல்கிறார். லேசாக எழுதினால் எழுத்து எழுந்து ஓடிவிடுமோ என்று எனக்குப் பயம்.

நீ போன மறுவாரம், சலவைக்கடை மாடியில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார்கள் என்று தையல்காரர் சொன்னார். சும்மா எட்டிப் பார்க்கப் போனேன். உட்கார வைத்துவிட்டார்கள். டீச்சரம்மாவுக்கு நம் கல்யாணப் பட்டுப்புடவையின் வயசுகூட இருக்காது. என் பக்கத்து இருக்கை பூட்டுக்காரர். ஊரில் எந்தப் பூட்டையும் திறப்பார், 'ஔ' மட்டும் அவருக்குத் திறக்கவில்லை. எனக்கு 'ஞ' எழுதும்போது நாக்கு தானாக வெளியே வந்துவிடுகிறது. இந்தப் பத்தியை முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிட்டது, இன்னொன்று போட்டேன், அதுவும் ஆறிவிட்டது.

உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்தத் தெருவிலேயே நான் ஒருவன்தான் வாயாடி என்பாய். அது பொய். ஒவ்வொரு சுவரும் பேசுகிறது. 'இங்கே வண்டி நிறுத்தாதே.' 'நாய் இருக்கிறது.' 'அனுமதி இல்லாமல் உள்ளே வராதே.' எல்லாம் அதட்டல்தான். ஆனால் என்னைப் பார்த்து அதட்டுகின்றன. எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா? எல்லாவற்றுக்கும் கீழ்ப்படிகிறேன். பூங்காவின் குறுக்கே நடந்துதானே மண்டிக்கு ஏலம் போடப் போவேன்? அங்கே 'புல்லில் நடக்காதீர்கள்' என்று ஆளுயரப் பலகை நிற்கிறது. வேலையை விட்டு ஓய்வு பெறும்வரை தினமும் அதன் முகத்துக்கு நேரேதான் நடந்திருக்கிறேன்! இப்போது வேலி ஓரமாகச் சுற்றிப் போகிறேன். ரொட்டிக்கடைக் கதவில் 'இழுக்கவும்' என்று இருக்கிறது. நான் தோளால் இடித்துத்தானே நுழைவேன்? நேற்று இழுத்துத் திறந்தேன். கடைக்காரர், "பெரியவரே, இன்னிக்குத்தான் என் கதவுக்கு விடுதலை" என்றார்.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அதனால்தான் எழுத்து. பாட்டுப் பதிவு முடிந்ததும் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். பிறகு பார்த்தால், மூக்குக்கண்ணாடி இரண்டையும் எடுத்துப் போயிருக்கிறாய். குளிர்காலப் போர்வையையும் காணோம். பாட்டுப் பதிவுக்குப் போர்வை எதற்கு?

வருவாயா, மாட்டாயா? இந்த ஒரு கேள்வியைக் கேட்கத்தான் அ, ஆவிலிருந்து ஆரம்பித்தேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்
(மேலே இருப்பது கையெழுத்து. கைநாட்டு அல்ல.)


மார்ச் 9, ஞாயிறு

என்னங்க,

யாரையோ எழுத வைத்து என்னை ஏமாற்றுகிறீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால், கடிதம் முழுக்க உங்களைப் பற்றியே பேசிவிட்டு, நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வரிகூடக் கேட்காமல் முடித்திருந்தீர்கள். சரி, சாட்சாத் இவர்தான் என்று தெரிந்துவிட்டது. தாளின் முதுகைத் தடவிப் பார்த்தேன். எனக்கு ரொம்ப ரொம்பச் சந்தோஷம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் திட்டப் போகிறேன்.

போனை ஏன் எடுப்பதில்லை? எடுத்தால் நீங்கள் பேசுவீர்கள். கடிதத்தில்தான் என்னால் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து, நடுவில் யாரும் நுழையாமல், முற்றுப்புள்ளி வரை போய்ச் சேர முடிகிறது. பாருங்கள், போய்ச் சேர்ந்துவிட்டேன்.

நான் டிராம்போன் ஊதும்போது நடுநடுவே நிறுத்துவேன். அது முடிவு இல்லை. பாட்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது. கேட்கிறவர் அடுத்தது என்ன என்று காத்திருக்க வேண்டிய இடம். நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் நிறுத்தியதுதான் தாமதம், "குழாய் ஒழுகுது", "தையல்காரர் மச்சினனுக்குப் பல் வலியாம்", "அந்தக் குடை எங்க?" என்று வந்து உட்கார்ந்துகொள்வீர்கள். கல்யாணமான நாளிலிருந்து நான் காலியாக விட்ட இடத்தில் எல்லாம் நீங்கள்தான் குடியிருந்தீர்கள். வாடகையும் தரவில்லை.

ஆல்பத்துக்குப் பெயர் 'இடையில் பேசாதே'. ஏழு பாட்டு. என் டிராம்போன், பியானோக்காரி, பெரிய பேஸ் வாசிக்கிற பெரியவர், டிரம்ஸ்காரன். பாட்டுக்கு நடுவே பேச்சு வரும், பேச்சுக்கு அடியில் வாத்தியம் நடக்கும். பேச்செல்லாம் நம் சமையலறையில் நடந்ததுதான். என் பேச்சை நான் பேசுகிறேன். உங்கள் பேச்சைப் பேச ஒரு நடிகரைப் பிடித்திருக்கிறோம். கடைசிப் பாட்டில் நான் கேட்பேன்: "நான் வாசிச்சதுல ஒண்ணையாவது முழுசா கேட்டிருக்கீங்களா?" அவர் "கேட்டிருக்கேன்" என்பார். நான் ஊதி முடித்துவிடுவேன்.

வருவாயா என்று கேட்டீர்கள். தெரியவில்லை. ஸ்டுடியோவுக்கு எதிரே ஒரு அறை எடுத்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் ஒரு சைக்கிள் கடையின் பின்சுவர். பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் நான் நிறுத்தினால் நிசப்தமாக இருக்கிறது. இப்போதைக்கு அது எனக்குப் பிடித்திருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த கடிதத்தில் என்னைப் பற்றி ஒரு கேள்வியாவது கேளுங்கள்.

இசைக்குழுத் தலைவி


மார்ச் 17, திங்கள்

மேதகு இசைக்குழுத் தலைவி அவர்களுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? கேட்டுவிட்டேன்.

உன் கடிதத்தை நானே படித்தேன். காலையில் உட்கார்ந்தவன் விளக்குப் போடும் நேரத்தில்தான் எழுந்தேன். 'நடிகர்' என்ற சொல்லை மட்டும் நாலைந்து தடவை எழுத்துக்கூட்டினேன், வேறு ஏதாவது சொல்லாக மாறிவிடாதா என்று. மாறவில்லை.

யார் அந்த நடிகர்? தையல்காரர் விசாரித்துச் சொல்லிவிட்டார். ரேடியோவில் இருமல் மருந்து விளம்பரத்துக்குப் பேசுகிறவனாமே! என் பேச்சைப் பேச இருமல் மருந்தா? என் சண்டையை இன்னொருத்தன் போடுவதா? நான் என்ன செத்தா போய்விட்டேன்?

இன்னொன்று. நான் இடையில் பேசினேன் என்கிறாய். காய்கறி மண்டியில் ஏலக்காரன் வாயை மூடினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியுமா? தக்காளி விழும், அதற்கு முன்னால் விலை விழும். 'ஒரு தரம், ரெண்டு தரம்' என்று சொல்லி நிறுத்துவேன். யாரும் வாய் திறக்காவிட்டால் 'மூணு தரம்'. அத்தோடு முடிந்தது. நிறுத்தினால் முடிந்தது, அதுதான் என் தொழில். நீ நிறுத்துவாய். நான் மனசுக்குள் மூன்று தரமும் சொல்லிப் பார்ப்பேன். பிறகுதான் குடையைப் பற்றிக் கேட்பேன். நியாயமாகத்தானே நடந்திருக்கிறேன்?

வகுப்பில் டீச்சரம்மா, "அம்மா வாசிக்கிறது ஜாஸ்ன்னு சொன்னீங்களே, அப்படின்னா என்னங்க தாத்தா?" என்று கேட்டார். "முடிஞ்சுதுன்னு நெனச்சுக் கை தட்டுவோம். இன்னும் முடியலைன்னு மொறைப்பாங்க. அதுதான்" என்றேன். வகுப்பே சிரித்தது. பூட்டுக்காரர் மட்டும், "உம்ம வீட்டம்மா மொறைச்சது ஜாஸுக்காக இல்லைய்யா" என்றார்.

முடிவாகச் சொல்கிறேன். என் வேஷத்தை நானே போடுவேன். அந்த இருமலை அனுப்பிவிடு. நான் சொல்ல வேண்டியதை எழுத ஆரம்பித்துவிட்டேன். பன்னிரண்டு வாக்கியம் தேறும்.

இப்படிக்கு,
நிஜமான ஆள்


மார்ச் 25, செவ்வாய்

என்னங்க,

நடிகரை அனுப்பியாகிவிட்டது. உங்களுக்காக இல்லை. அந்த மனுஷருக்குக் கோபமே வரவில்லை. "நான் பேசாம வேற யாரு பேசுவா இந்த வீட்டுல!" என்று நீங்கள் கத்துவதை, குழந்தைக்குச் சொட்டு மருந்து ஊட்டுவது போலச் சொல்கிறார். டிரம்ஸ்காரன் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, இவரு கோபப்பட்டா எனக்குப் பயம் வரல, தொண்டைதான் இதமா இருக்கு" என்றான். பேஸ் பெரியவர் ஒரு வருஷத்துக்கு ஒரு முறைதான் சிரிப்பார். இந்த வருஷத்துக் கணக்கு அதோடு தீர்ந்தது.

மற்ற பாட்டுகளில் உங்கள் பேச்சையும் நானே பேசிவிட்டேன். உங்களை மாதிரிப் பேச எனக்குத் தெரியாதா என்ன? கடைசிப் பாட்டுக்கு மட்டும் எதிரே ஓர் ஆள் வேண்டும். வாருங்கள்.

ஆனால் பன்னிரண்டு வாக்கியம் கிடையாது. ஒரு வார்த்தை. நான் கேள்வி கேட்பேன், எல்லோரும் நிறுத்துவோம், நீங்கள் "கேட்டிருக்கேன்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். பேரம் பேசாதீர்கள்.

குழுத் தலைவி


மார்ச் 29, சனி

தலைவிக்கு,

பன்னிரண்டு வாக்கியத்தை ஒரு வார்த்தைக்குக் கேட்கிறாய். இப்படி அடிமாட்டு விலைக்கு மண்டியில் யாரும் கேட்டதில்லை. எட்டு வார்த்தை தருகிறேன். சரக்கு நல்ல சரக்கு.

நிஜமான ஆள்


ஏப்ரல் 2

இரண்டு.

தலைவி


ஏப்ரல் 5

ஐந்து. இதற்குக் கீழே இறங்கினால் எனக்குக் கட்டுப்படியாகாது.

நிஜமான ஆள்


ஏப்ரல் 8

மூன்று. ஒரு தரம். ரெண்டு தரம்.

தலைவி


ஏப்ரல் 10, வியாழன்

என் பேச்சை எடுத்து என்னையே அடிக்கிறாய். சரி, மூன்று. முடிந்தது. "கேட்டிருக்கேன். எல்லாத்தையும் கேட்டிருக்கேன்." கூட்டிப் பார், சரியாக இருக்கும். அவன் ஒன்று சொன்ன இடத்தில் நான் மூன்று.

குளிக்கும்போது சொல்லிப் பார்க்கிறேன். ரொட்டிக்கடையில் சொல்லிப் பார்க்கிறேன். நேற்று டீச்சரம்மா, "போன வாரம் சொன்னதக் கேட்டீங்களா தாத்தா?" என்றார். "கேட்டிருக்கேன். எல்லாத்தையும் கேட்டிருக்கேன்" என்று ஒரு போடு போட்டேன். பாவம், பயந்துவிட்டார்.

நீ சொல்கிற நாளில் வந்துவிடுகிறேன். பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்று இந்தத் தடவை யாரையும் கேட்க மாட்டேன். நெற்றியில் எழுதியிருக்கிறதே!

நிஜமான ஆள்


ஏப்ரல் 22, செவ்வாய்

என்னங்க,

என்ன ஆயிற்று உங்களுக்கு?

கல்யாண மேடையில் ஐயரை ஓரம்கட்டிவிட்டுப் பேசிய வாய். பல் பிடுங்கும்போதுகூடப் பல் டாக்டருக்குக் கதை சொன்ன வாய். ஸ்டுடியோ வாசலில் டிரம்ஸ்காரன், "மாமா, பயப்படாதீங்க, அக்கா கேக்கும், நாங்க நிறுத்துவோம், நீங்க சொல்லிடுங்க" என்றபோதுகூட, "தம்பி, நான் பயந்தா ஊர்ல தக்காளி வெல என்னாகும்?" என்று தொடங்கி, அவனுக்கு ஒரு முழு நீளக் கதை சொன்னீர்கள்.

உள்ளே போய் மைக் முன்னால் உட்கார்ந்தீர்கள். வாசித்தோம். நான் கேள்வியைக் கேட்டேன். நிறுத்தினோம். நீங்கள் வாயைத் திறக்கவில்லை!

நாலு தாளம் போனது. எட்டு தாளம் போனது. நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கதவையே பார்க்கிறீர்கள். நெற்றியில் வியர்வை. பேஸ் பெரியவர் பார்த்தார், ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஒரு கம்பியைத் தொட்டு இடத்தை நிரப்பினார். நானும் வேறு வழியில்லாமல் பிடித்துக்கொண்டேன். மறுபடி நிறுத்தினேன், இப்போதாவது சொல்வீர்கள் என்று. இல்லை. கையை மட்டும் மேலும் கீழும் ஆட்டினீர்கள். டிரம்ஸ்காரன் அதைத் தாளம் என்று நினைத்து வேகத்தைக் கூட்டிவிட்டான். இப்படியே எழுதாத பாட்டு ஒன்றை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு கரை சேர்ந்தோம்.

எல்லாம் முடிந்து, மைக்கும் அணைந்த பிறகு, நீங்கள் எழுந்து நின்று, மண்டியே கேட்கிற மாதிரி, "கேட்டிருக்கேன்! எல்லாத்தையும் கேட்டிருக்கேன்!" என்று கத்தினீர்கள். பியானோக்காரி கையிலிருந்த தண்ணீரை மடியில் கொட்டிக்கொண்டாள். நான் கண்ணாடி அறையில் சவுண்டுக்காரரிடம் பேசிவிட்டு வெளியே வருவதற்குள் ஆளைக் காணோம். பஸ்ஸுக்கு ஓடிவிட்டீர்களாம்.

என்னைப் பழிவாங்கத்தான் இப்படிச் செய்தீர்கள் என்றால், அதையாவது எழுதுங்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான்


ஏப்ரல் 28, திங்கள்

என் வீட்டுக்காரிக்கு,

பழியும் இல்லை, ஒன்றும் இல்லை. மெதுவாகச் சொல்கிறேன். நான் எழுதுவது மெதுவாகத்தான், நீ படிப்பதையும் மெதுவாகப் படி.

கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறது. அதன் கீழே ஒரு பலகை. உட்கார்ந்ததும் நான் அதைத்தான் பார்த்தேன். எங்கே போனாலும் முதலில் பலகையைப் பார்ப்பது இப்போது எனக்குப் பழக்கமாகிவிட்டது. எழுத்துக்கூட்டி முடிப்பதற்கும் விளக்கு எரிவதற்கும் சரியாக இருந்தது. 'சிவப்பு விளக்கு எரியும்போது உள்ளே இருப்பவர்கள் பேசக் கூடாது.'

உள்ளே இருப்பவர்கள் என்றால் யார்? நான்தானே உள்ளே இருக்கிறேன்?

யோசித்துப் பார். ஒரு பக்கம் பெண்டாட்டி பேசச் சொல்கிறாள். இன்னொரு பக்கம் பலகை பேசாதே என்கிறது. நடுவில் நான். பெண்டாட்டி சொல்லைத் தட்டிப் பழக்கம் உண்டு. பலகை சொல்லைத் தட்டிப் பழக்கம் இல்லை. அதோடு நீ வேறு, விளக்கு எரியும்போதே கேள்வி கேட்டுவிட்டாய்! எனக்குப் பதறிவிட்டது. இவளைப் பிடித்து வெளியே அனுப்பிவிட்டால் ஆல்பம் என்ன ஆவது? அதனால்தான் கையை ஆட்டினேன். பலகையைப் பார், பலகையைப் பார் என்று. அந்தப் பையன் அதற்கு ஏன் அப்படிப் பேய் மாதிரி அடித்தான் என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

நேற்று வகுப்பில் சொன்னேன். டீச்சரம்மா கையால் முகத்தை மூடிக்கொண்டார். அந்தப் பலகை வேலையாட்களுக்கும் வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குமாம். மைக் முன்னால் உட்கார்ந்தவனுக்கு இல்லையாம். அதைப் பலகையில் எழுதியிருக்க வேண்டாமா? எழுதியதைத்தானே படிக்க முடியும்? எழுதாததைப் படிக்க அடுத்த வருஷம்தான் சொல்லிக் கொடுப்பார்களாம்.

ஏன் ஓடினேன் என்று கேட்கிறாய். நீ கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கையையும் வீசிப் பேசிக்கொண்டிருந்தாய். நீ ஒரு கை வீசினால் நான் சமையலறைக்குப் போவேன். இரண்டு கை வீசினால் தெருவுக்கே போய்விடுவேன். பழக்க தோஷம்.

இனி மற்றதைச் சொல்கிறேன். இதற்கு நாலைந்து தாள் கிழித்துப் போட்டுவிட்டேன்.

நீ கேள்வி கேட்டு நிறுத்தினாய். நான் மனசுக்குள் ஒரு தரம் என்றேன். ரெண்டு தரம். மூணு தரம். முடிந்தது என்று வாய் தானாகத் திறக்கப் பார்த்தது. ஆனால் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. சத்தம் இல்லை, ஆனால் முடியவில்லை. இப்படி ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அப்போது அந்தப் பெரியவர் ஒரே ஒரு கம்பியைத் தொட்டார். மாடிப்படியில் யாரோ களைத்துப் போய் ஏறி வருவது போல இருந்தது. பிறகு நீ வந்தாய். முன்னே ஊதியதையேதான் ஊதினாய், ஆனால் அது வேறாக இருந்தது.

மண்டியில் மூணு தரம் சொன்னதும் நான் துண்டை உதறிக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஒரே ஒரு நாள் செருப்பை மறந்து திரும்பிப் போனேன். கூட்டம் எல்லாம் போய்விட்டது. சில்லறை வியாபாரக்காரிகள் மட்டும் தரையில் உட்கார்ந்து, தக்காளியை ஒவ்வொன்றாகத் துடைத்து, அடிபட்டதை ஒரு பக்கம், நல்லதை ஒரு பக்கம் வைத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கத்தவில்லை. நான் முடிந்துவிட்டது என்று விட்டுப்போன இடத்தில் அப்போதுதான் வேலையே ஆரம்பித்திருந்தது. உன் பாட்டு அன்றைக்கு எனக்கு அப்படித்தான் இருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதே. உன் பாட்டெல்லாம் சின்னச் சின்னப் பாட்டு என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

உன் ஆல்பத்தைக் கெடுத்துவிட்டேன் என்றால், இருமல் மருந்தை மறுபடி கூப்பிட்டுக்கொள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

உன் வீட்டுக்காரன்


மே 6, செவ்வாய்

என்னங்க,

உங்கள் கடிதத்தை ஸ்டுடியோவில் வைத்துப் படித்தேன். கையை ஆட்டிய கதை வந்ததும் டிரம்ஸ்காரனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவன் நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டான். "அக்கா, மாமா பலகையக் காட்டுனாரா? நான் மாமாவுக்குள்ள இவ்வளவு தாளம் இருக்கான்னு ரெண்டு வாரமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்!" என்றான். சவுண்டுக்காரர் எழுந்து போய், அவரே மாட்டிய பலகையை முதல் முறையாகப் படித்துப் பார்த்தார். "பெரியவர் சொல்றது கரெக்ட்தான். அப்படித்தான் எழுதியிருக்கு" என்றார்.

தக்காளி வந்த இடத்தை யாருக்கும் படித்துக் காட்டவில்லை.

பாட்டுச் சின்னது என்று நினைத்ததற்கு நான் சிரிக்கவில்லை. அறைக்குத் திரும்பியதும் ஜன்னலைத் திறந்து சைக்கிள் கடைச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு வாசித்ததைத் திரும்பப் போட்டுக் கேட்டோம். நான் கேட்கிறேன். எல்லாம் நிற்கிறது. யாரும் பேசவில்லை. உங்கள் மூச்சு மட்டும் மைக்கில் விழுந்திருக்கிறது, பல்லைக் கடித்து விடுகிற மூச்சு. பிறகு பேஸ். கேட்டு முடித்ததும் பியானோக்காரி, "இத மாதிரி நாம வாசிச்சதே இல்லக்கா. எழுதி வாசிச்சா வராது" என்றாள். அவள் யாரையும் லேசில் புகழ மாட்டாள், என்னையும் சேர்த்து.

ஆனால் இது உங்கள் இடம். நான் யோசித்துப் பார்த்தேன். நடிகர் "கேட்டிருக்கேன்" என்று சொல்லியிருந்தால் அது பொய். அன்றைக்கு நீங்கள் சொல்லியிருந்தாலும் பொய்தான். பொய் என்று தெரிந்தே எழுதினேன், சண்டைக்கு ஒரு பதில் வேண்டுமே என்று. இப்போது நீங்கள் சொன்னால் அது பொய் இல்லை. ஒரு பாட்டை முழுசாகக் கேட்டிருக்கிறீர்கள். அதனால் வியாழக்கிழமை ஸ்டுடியோவை உங்களுக்காக வைத்திருக்கிறேன். வந்து சொல்லுங்கள், அதே இடத்தில் சேர்த்துவிடலாம் என்கிறார் சவுண்டுக்காரர். மூன்று வார்த்தை. வேண்டுமானால் ஐந்து.

இல்லாவிட்டால் ஊர் முழுக்க, ஏலக்காரர் ரெக்கார்டில் ஊமையாக வருகிறார் என்று பேசும். அது உங்களுக்குச் சரிதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆல்பம் வெளியே வந்ததும் நகர அரங்கில் வாசிக்கிறோம். அதற்குப் பிறகு வேறு ஊர்கள். வீட்டைப் பற்றி இன்னும் எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

நான்


மே 12, திங்கள்

என் வீட்டுக்காரிக்கு,

வியாழக்கிழமை நான் வரவில்லை.

உன் கடிதத்தை வகுப்புக்கு எடுத்துப் போனேன். பூட்டுக்காரர் சண்டைக்கு வந்துவிட்டார். "ஓய், மூணு அஞ்சாச்சுன்னா விட்டுடுவாங்களா? போய் அஞ்சையும் சொல்லிட்டு வாரும். அப்புறம் உம்ம பேரன் பேத்தி காலத்துல, தாத்தாவுக்குப் பேச வராதான்னு கேப்பாங்க" என்றார். நமக்கு ஏதய்யா பேரன் பேத்தி என்றேன். "பேச்சுக்குச் சொன்னேன்" என்றார். பேச்சு என்றால் அப்படித்தான், எதையாவது சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது.

எனக்கும் ஆசைதான். இல்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். பஸ் நிறுத்தம் வரை போனேன். பஸ் வந்தது, படித்தேன், சரியான பஸ்தான். ஏறவில்லை.

நீ காலியாக விட்ட இடத்தில் எல்லாம் நான் குடியிருந்தேன் என்று எழுதியிருந்தாய். இந்த ஒரு இடம் காலியாகவே நன்றாக இருக்கிறது என்று நீயும் சொல்கிறாய், யாரையும் புகழாத அந்தப் பெண்ணும் சொல்கிறாள். அதில் போய் நான் மறுபடி உட்கார வேண்டுமா? வேண்டாம். விட்டுவிடு. ஊமை என்று சொல்கிறவர்கள் ரொட்டிக்கடைக்கு வந்து என்னிடம் கொஞ்ச நேரம் பேசிப் பார்க்கட்டும்.

நகர அரங்குக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன். கடைசி வரிசை. பேச வரவில்லை, கேட்க வருகிறேன். எப்போது கை தட்ட வேண்டும் என்று தெரியாது. பக்கத்து ஆள் தட்டினால் தட்டுவேன்.

வருவாயா என்று கேட்கத்தான் எழுத ஆரம்பித்தேன். இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. உனக்கே தெரியாததை உன்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தால் அது கேள்வி இல்லை, ஏலம்.

பென்சிலை விட்டுப் பேனாவுக்கு வந்துவிட்டேன், பார்த்தாயா? பொத்தல் இல்லை.

உன் வீட்டுக்காரன்


மே 17, சனி

என்னங்க,

பார்த்தேன். பொத்தல் இல்லை. இருந்தாலும் தடவிப் பார்த்தேன்.

கடைசி வரிசை வேண்டாம். அங்கே கதவைத் திறந்து திறந்து மூடுவார்கள், ஒன்றும் கேட்காது. மூன்றாவது வரிசை நடுவில் உங்களுக்கு ஓர் இடம் சொல்லி வைத்திருக்கிறேன். எப்போது கை தட்டுவது என்று கவலைப்பட வேண்டாம். நான் டிராம்போனைக் கீழே வைத்துவிட்டு உங்களைப் பார்ப்பேன். அப்போது தட்டுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு, அந்தப் பன்னிரண்டு வாக்கியத்தையும் எனக்குச் சொல்லுங்கள். குறைக்காமல் சொல்லுங்கள்.

பிறகு எது கிட்டேயோ அங்கே போவோம். என் அறைதான் கிட்டே.

உங்கள் வீட்டுக்காரி